அமெரிக்காவுக்குப் போன பொன்னாடை

1

பாரிசில் ரூ காய் என்ற தெருவில் மரக்கறிக் கடைகளையும் சேலைக் கடைகளையும் தாண்டி ஒரு சந்துக்குள் திரும்பினால் ரமணனின் அச்சகம் இருக்கிறது. அச்சகம் என்று பெரிதாகச் சொல்கிறேன். ஒரு கணினி, இரண்டு பிரிண்டர், சட்டம் போட ஒரு மேசை, அவ்வளவுதான். ஆனால் எங்கள் கடைகள் நிறைந்த இந்த லாச்சப்பலில் ஒரு தமிழன் பிறந்தாலும், கல்யாணம் கட்டினாலும், செத்தாலும் அவனிடம்தான் வந்தாக வேண்டும். நான் கோயிலுக்குப் போவதைவிட அங்கே போவது அதிகம். காரணம், வாழ்த்துமடல்.

ஊரில் இருக்கும் உங்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. ஓர் ஆசிரியர் ஓய்வுபெற்றாலோ இடம்மாறிப் போனாலோ சும்மா அனுப்பிவிடுவோமா? மாலை போட்டு, பொன்னாடை போர்த்தி, கண்ணாடிச் சட்டத்துக்குள் வாழ்த்துமடல் அடித்து, ஒருவர் எழுந்து நின்று இழுத்து இழுத்து வாசிக்க, மற்றவர்கள் மூக்கை உறிஞ்சுவார்கள். யாழ்ப்பாண நகரத்துக் கல்லூரி ஒன்றின் பழைய மாணவர் சங்கத்துக்குப் பாரிஸ் கிளை இருக்கிறது. அதன் செயலாளர் நான். இங்கே வந்துபோகும் எந்த ஆசிரியருக்கும் மடல் எழுதுவது என் வேலை. பகலில் கார் து லெஸ்ட் ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு பிரெஞ்சு உணவகத்தில் வெங்காயம் வெட்டும் கை, மத்தியான இடைவேளையில் 'கலங்கரை விளக்கே' என்று எழுதும்.

போன டிசம்பரில் நான் எழுதிய ஒரு மடல் அட்லாண்டிக் கடலைத் தாண்டிப் போய் என் வீட்டைத் தலைகீழாக்கிவிட்டது. பதற்றம் அடங்கிய பிறகு எழுதுகிறேன். வியப்பு மட்டும் இன்னும் அடங்கவில்லை.

2

என் ஒரே மகள் ஆரணி. பாரிசில் பிறந்து புறநகர் பியர்ஃபித்தில் வளர்ந்தவள். இருபது வயது. அமெரிக்காவில் ஒரு பல்கலைக்கழகத்தில் படிக்கிறாள். அவள் அங்கே போனது வொலிபோல் என்கிற கரப்பந்தாட்டத்தால். லிபரோ என்று ஒரு இடம் உண்டு. வலைக்கு மேலே துள்ளி அடிக்கும் உரிமை அந்த ஆளுக்கு இல்லை. எதிரணி அடிக்கும் பந்து நிலத்தில் விழாமல் விழுந்து புரண்டு எடுக்க வேண்டும். அணியில் அந்த ஒருத்திக்கு மட்டும் வேறு நிறச் சட்டை.

இங்குள்ள பெரிய கழகங்கள் அவளுடைய ஒரு மீற்றர் அறுபத்துநான்கு உயரத்தைப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கின. மேகன் என்ற அமெரிக்கப் பயிற்றுநர் அவள் விளையாடும் வீடியோ ஒன்றைப் பார்த்தார். கட்டணத்தில் பாதியைப் பல்கலைக்கழகம் கட்டும், வா என்று எழுதினார். மீதிப் பாதிக்காக நான் ஞாயிற்றுக்கிழமையும் வேலைக்குப் போனேன்.

போன வருடம் நானும் மனைவி வதனியும் போய்ப் பார்த்தோம். கண்ணுக்கெட்டிய தூரம் சோளக்காடு, நடுவில் ஒரு சின்ன ஊர், அந்த ஊரைவிடப் பெரிதாக ஓர் உள்ளரங்கு. கிரிக்கெட்டுக்குச் சனம் கூடிப் பார்த்திருக்கிறேன். பொம்பிளைப் பிள்ளைகளின் கரப்பந்தாட்டத்துக்கு ஆயிரக்கணக்கில் சனம் வாத்தியக் கோஷ்டியோடு வந்து உட்கார்ந்திருந்ததை அன்றுதான் கண்டேன். எங்களுக்கு முன்வரிசையில் தொப்பி போட்ட ஒரு விவசாயி. அவர் கையில் ஓர் அட்டை, அட்டையில் பெரிய எழுத்தில் ஆரணி. எங்கள் மகள் நிலத்தோடு நிலமாய்ப் பாய்ந்து ஒரு பந்தை எடுத்தாள். அரங்கு முழுவதும் எழுந்து நின்றது. எழுந்து நிற்க வேண்டிய நேரத்தில் நான் கதிரையில் இருந்து அழுதுகொண்டிருந்தேன். விவசாயி திரும்பிப் பார்த்துவிட்டுத் தன் சோளப்பொரியை என் மடியில் வைத்தார். எங்கள் வீட்டுச் சோற்றுப் பானை அளவு வாளி அது.

3

அமெரிக்காவில் ஒரு வழக்கம் இருக்கிறது. விளையாட்டுப் பருவம் முடிந்ததும் சில வாரங்களுக்கு ஒரு கதவைத் திறந்துவிடுவார்கள். மாற விரும்பும் மாணவர் இணையத்தில் பெயரைப் பதிந்தால் போதும், எந்தப் பல்கலைக்கழகமும் கூப்பிட்டு விலை பேசலாம். பெரிய ஆட்டக்காரர்கள் விளம்பரத்தில் முகம் காட்டியே வீடு வாங்கிவிடுகிறார்கள். மாணவர் விசாவில் இருக்கும் எங்கள் பிள்ளைகளுக்கு அதில் சட்டச் சிக்கல்கள் உண்டு. இருந்தாலும் முழுக் கட்டணம், அறை, சாப்பாடு, கைச்செலவு எல்லாம் கிடைக்கும். யாரிடமும் அனுமதி கேட்கத் தேவையில்லை. இதைக் கேட்டு வாய் பிளந்தேன். பிரான்சில் ஒரு கழகத்திலிருந்து இன்னொன்றுக்குப் போனால் விளையாட்டு அனுமதி அட்டையில் 'முத்தாசியோன்', மாறி வந்தவர், என்று குத்திவிடுவார்கள், ஓர் அணியில் அப்படிப்பட்டவர்கள் இத்தனை பேர்தான் ஆடலாம் என்று கணக்கு வேறு. நானோ வீட்டு முகவரி மாற்றியதற்கே பிரெஃபெக்சூர் என்ற அரச அலுவலகத்தில் மூன்று தரம் வரிசையில் நின்றவன்.

டிசம்பர் தொடக்கத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆரணி அழைத்தாள். பியர்ஃபித்தில் அவளை முன்பு பழக்கியவர் மூலம் ஒரு செய்தி காதுக்கு வந்திருக்கிறதாம்.

"பெரிய யூனிவேர்சிட்டி அப்பா. எல்லாம் அவையே கட்டுவினம். நீங்கள் இனி ஞாயிறு வேலைக்குப் போகத் தேவையில்லை."

"அப்ப மேகன்?"

"மேகனுக்கு வேற லிபரோ கிடைக்கும். சே நோர்மால், வழமைதானே. போன வருசமும் எங்கட டீமில நாலு பேர் போனவை."

"போகேக்க சொல்லிக்கொண்டு போனவையோ?"

"மெசேஜ் போட்டவை."

மெசேஜ் என்ற சொல்லைக் கேட்டதும் எனக்கு ஏறிவிட்டது. அரை மணித்தியாலம் விடாமல் பேசினேன். கால் சுளுக்கியபோது ஆஸ்பத்திரியில் பக்கத்தில் இருந்தது யார் என்று கேட்டேன். உயரம் காணாது என்று எல்லோரும் தள்ளிய பிள்ளையை எடுத்தது யார் என்று கேட்டேன். கடைசியில், "என்னைப் பார். நான் படிச்ச பள்ளிக்கூடத்துக்கு இண்டைக்கும் மாடாய் உழைக்கிறன்" என்று முடித்தேன். அந்தக் கடைசி வசனத்தில் ஒரு பொய் இருந்தது. அதைப் பிறகு சொல்கிறேன்.

"ஓம் அப்பா" என்றாள் ஆரணி. எங்கள் பிள்ளைகள் வாயில் 'ஓம்' வந்தால் போதும், நிறுத்துங்கள் என்று அர்த்தம். பிரெஞ்சிலேயே வளர்ந்த பிள்ளை, தமிழில் இந்த ஒரு சொல்லை மட்டும் நன்றாகப் பாவிப்பாள்.

"அவ போகத்தான் போறா. உங்கட பிரசங்கத்தை ஆர் கேக்கினம்?" என்றாள் வதனி, உடுப்பு மடித்துக்கொண்டே. நானும் அப்படித்தான் நினைத்தேன்.

4

இரண்டு நாள் யோசித்தேன். பிள்ளை போகட்டும், காலம் அப்படி. ஆனால் எங்கள் வீட்டுப் பிள்ளை ஒரு பயிற்றுநருக்கு மெசேஜ் போட்டுவிட்டுப் போனது என்று நாளைக்கு ஒருவர் சொல்லக் கூடாது. செய்ய வேண்டிய முறையை நான் செய்துவிடலாம் என்று ரமணனிடம் போனேன்.

என் வாழ்நாளில் அப்படி ஒரு மடல் நான் எழுதியதில்லை. 'குறுகிய உருவில் நெடிய திறன் கண்ட கண்களே' என்று தொடங்கி, 'எம் மகள் விடைபெறும் இவ்வேளையில்' என்று போய், 'பெற்றோர், பியர்ஃபித்' என்று முடித்தேன். கீழே ஆங்கிலத்தில் நான்கு வரி ரமணனின் மனைவி எழுதிக் கொடுத்தாள். சேலைக் கடையில் ஜரிகை வைத்த நல்ல பொன்னாடையாகப் பார்த்து எடுத்தேன்.

தபால் நிலையத்தில் சுங்கப் படிவம் நிரப்ப வேண்டும். உள்ளே என்ன என்று அந்தப் பெண் கேட்டாள். என் பிரெஞ்சில் பொன்னாடைக்குச் சொல் இல்லை.

"மரியாதைச் சால்வை" என்றேன்.

"தங்கமா?"

"தங்க நிறம்."

"உடுப்பதா?"

"இல்லை, ஒரு தரம் போர்த்துவார்கள். பிறகு அலுமாரியில் வைப்பார்கள்."

அவள் என்னை ஒரு கணம் பார்த்துவிட்டு 'துணி' என்று எழுதினாள். விரைவுத் தபாலில் போட்டேன். பார்சல் போய்ச் சேர ஐந்து நாள் ஆகும், அதற்குள் ஆரணி மேகனிடம் சொல்லியிருப்பாள் என்பது என் கணக்கு. அவளிடம் ஒரு வார்த்தை கேட்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவேயில்லை. முறை செய்வதற்குப் பிள்ளையிடம் யார் கேட்பது?

5

ஐந்து நாள் என்றார்கள், நான்கு நாளில் போய்விட்டது. பின்னேர இடைவேளையில் உணவகத்தின் பின்கதவடியில் நின்றபோது தொலைபேசி அடித்தது.

"அப்பா, என்ன செய்து வைச்சிருக்கிறியள்!"

அவள் அழுதுகொண்டிருந்தாள். பிரெஞ்சும் தமிழுமாக வந்ததைக் கோர்த்தெடுக்க எனக்குச் சற்று நேரம் பிடித்தது. ஆரணி போவதாகவே இல்லை. என் அரை மணித்தியாலப் பேச்சைக் கேட்டு, அப்பா சொல்வது சரி, நன்றி கெட்டவளாக இருக்கக் கூடாது என்று முடிவெடுத்து, அந்தப் பெரிய இடத்தை மறந்துவிட்டாளாம். மேகனுக்கு இதில் ஒன்றுமே தெரியாது. இன்று காலை மேகன் பார்சலைப் பிரித்திருக்கிறார். பொன்னாடை, கண்ணாடிச் சட்டம், கீழே ஆங்கிலத்தில், 'எங்கள் மகளை இவ்வளவு காலம் பார்த்துக்கொண்டதற்கு நன்றி, போய் வருகிறாள்.'

"அவ ஒண்டும் கதைக்கேல்லை. நாளைக்குக் காலமை ஒஃபீசுக்கு வா எண்டு மட்டும் சொன்னவ. அந்தப் பெரிய இடத்தில இருந்து எழுத்தில ஒண்டுமில்லை அப்பா. இஞ்சை என்ர இடத்தை வேற ஆளுக்குக் குடுத்தா நான் ரெண்டுமில்லாமல் நிக்கோணும். யூனிவேர்சிட்டி இல்லையெண்டா விசாவும் இல்லை. ஏன் என்னைக் கேக்கேல்லை? ஏன் இப்பிடிச் செய்தனீங்கள்?"

கவிழ்த்து வைத்திருந்த காய்கறிப் பெட்டி ஒன்றில் உட்கார்ந்துவிட்டேன். பதில் சொல்ல வேண்டும். என்னிடம் இருந்த பதில் ஒன்றுதான். வதனிக்கும் முழுதாகச் சொல்லாத அதை அன்று மகளுக்குச் சொன்னேன்.

நான் அந்த நகரத்துக் கல்லூரியில் படித்தது கடைசி இரண்டு வருடம் மட்டும். அதற்கு முதல் பத்து வருடம் படித்தது எங்கள் ஊர்ச் சின்னப் பள்ளிக்கூடத்தில். அங்கே நாகேந்திரம் மாஸ்டர்தான் எனக்குக் கரப்பந்தாட்டம் பழக்கினார். மீன்வலையை நான்காய் மடித்துக் கட்டி, சாம்பலால் கோடு போட்டுப் பழக்கினார். என் அடியைப் பார்த்து நகரத்துக் கல்லூரி கூப்பிட்டது. விடுதி இலவசம், சாப்பாடு இலவசம், காலுக்கு ஒரு சோடி புதுச் சப்பாத்து. மாஸ்டர் லீவில் நின்ற நாளாகப் பார்த்து என்னைப் பெற்ற ஐயா போய் என் விடுகைப் பத்திரத்தை எடுத்துக்கொண்டு வந்தார். நாள் பார்த்துச் சொன்னது நான்தான்.

அடுத்த வருடம் அதே மாஸ்டரின் அணியோடு எங்களுக்கு ஆட்டம் வந்தது. கடைசிப் புள்ளி என் அடியில்தான் விழுந்தது. ஆட்டம் முடிந்ததும் மாஸ்டர் நேராக என்னிடம் வந்தார். அடிக்கப்போகிறார் என்றே நினைத்தேன். குனிந்து என் காலைப் பார்த்தார்.

"சப்பாத்து அளவா இருக்கோ?" என்றார்.

நான் வாய் திறக்கவில்லை. அவர் தலையை ஆட்டிவிட்டுப் போய்விட்டார். அந்தச் சப்பாத்து அரை அளவு சின்னது. புண்ணான குதிக்காலில் பஞ்சு வைத்துக்கொண்டு இரண்டு வருடம் விளையாடினேன். தந்தவர்களிடம் சொல்ல வெட்கம், மாஸ்டரிடம் சொல்ல அதைவிட வெட்கம்.

மறுமுனையில் ஆரணி அழுகையை நிறுத்தியிருந்தாள்.

"நீங்கள் மெசேஜும் போடேல்லை" என்றாள் மெதுவாக.

"இல்லை."

"அப்ப அந்தச் சங்கத்தில ஏன் மற்றவைக்கெல்லாம் எழுதிக்கொண்டு திரியிறியள்?"

இருபத்தைந்து வருடமாக என்னை ஒருவரும் கேட்காத கேள்வி. என் பிள்ளை பிழையான உச்சரிப்பில் கேட்டாள். வேலைக்கு நேரமாகிவிட்டது, உள்ளே போய் உருளைக்கிழங்கு உரித்தேன்.

6

மறுநாள் அவர்களுக்குக் காலை ஒன்பது மணி, எங்களுக்குப் பின்னேரம் நான்கு. மேகன் என்னோடும் கதைக்க வேண்டும் என்கிறாராம், வீடியோவில். லாச்சப்பலில் சத்தமில்லாத இடம் ரமணனின் கடை ஒன்றுதான். அவனுடைய கணினிக்கு முன்னால் உட்கார்ந்தேன். மன்னிப்புக் கேட்பதற்கு ஆங்கிலத்தில் இரண்டு வசனம் எழுதி வைத்திருந்தேன்.

படம் வந்தது. மேகன் ஐம்பது வயது மதிக்கத்தக்க பெண், தோள் அகலம், தலைமயிர் கட்டை. விளையாட்டுச் சட்டைக்கு மேலே எங்கள் பொன்னாடையைப் போர்த்தியிருந்தார். பின்னால் சுவரில் வெற்றிக் கிண்ணங்களுக்கு நடுவில் என் வாழ்த்துமடல் தொங்கியது. நான் எழுதி வைத்த இரண்டு வசனமும் மறந்துபோயின. பக்கத்தில் ஆரணி இருந்தாள். மேகன் பேசப் பேச அவள் தமிழாக்கினாள்.

"அப்பா, அவ பதினெட்டு வருசமாக் கோச்சாம். விட்டிட்டுப் போன பிள்ளையள் எத்தினை பேரெண்டு எண்ணுறதை நிப்பாட்டிட்டாவாம். வீட்டுக்காரர் நன்றி சொல்லி அனுப்பினது இதுதான் முதல் தரமாம்."

மேகன் பொன்னாடையின் ஜரிகையைத் தடவிக்கொண்டு இன்னும் ஏதோ சொன்னார். ஆரணி அதையும் தமிழாக்கினாள்.

"அவவும் மூண்டு இடம் மாறினவவாம். காசு கூடத் தந்த இடத்துக்கு. தான் பழக்கின பிள்ளையளுக்கு ஈமெயில் போட்டிட்டு வந்திட்டாவாம். நேற்று முழுக்க அதைத்தான் நினைச்சுக்கொண்டு இருந்தவவாம். அதுதான் ஒண்டும் கதைக்கேல்லை."

பிறகு மேகன் சுவரில் இருந்த சட்டத்தைக் காட்டி என்னைப் பார்த்து ஒரு கேள்வி கேட்டார். எனக்கே விளங்கியது. உங்கள் மொழியில் வாசிப்பீர்களா?

ரமணன் தன்னிடமிருந்த பிரதியைக் கையில் தந்தான். எழுந்து நின்று வாசித்தேன். உட்கார்ந்து வாசிக்கும் வழக்கம் எங்களிடம் இல்லை. நான் எழுந்ததைப் பார்த்ததும் அந்த அமெரிக்கப் பெண்ணும் எழுந்தார். ஆரணியும் எழுந்தாள். இங்கே ரமணனும் கையிலிருந்த கத்தரிக்கோலை வைத்துவிட்டு நேராக நின்றான். எத்தனையோ மேடைகளில் வாசித்திருக்கிறேன். பின்வரிசைகள் கதைத்துக்கொண்டிருக்கும், பிள்ளைகள் ஓடும், சாப்பிட ரோல்ஸ் வரும் நேரம் பார்த்துக் கை தட்டுவார்கள். ஒரு சொல்லும் விளங்காத ஒருவர் இரண்டு கையையும் கோர்த்துக்கொண்டு கடைசி வரி வரைக்கும் நிமிர்ந்து நின்று கேட்டதை அன்றுதான் பார்த்தேன். என்ன மனுசி அவர்!

முடிந்ததும், என்ன சொல்கிறார் என்று மேகன் ஆரணியிடம் கேட்டார். என் செந்தமிழ் அவளுக்கும் பிடிபடவில்லை. "நன்றி எண்டு கனதரம் சொல்லுறார் எண்டு சொன்னனான் அப்பா" என்றாள். அதைவிடச் சரியாக மொழிபெயர்க்க என்னாலும் முடியாது.

நான் எப்படியோ ஆங்கிலத்தில், பிழை என்னுடையது, மகள் அங்கேயே நிற்பாள் என்று சொல்லிவிட்டேன். மேகன் தலையை ஆட்டிச் சிரித்தார். ஆரணியும் அழுகையோடு சிரித்தாள்.

"நானும் நிக்கிறன் எண்டு சொல்லிப் பார்த்தன். அவ சொல்லுறா, 'உன்ர அப்பா எனக்குப் பிரியாவிடை தந்திட்டார், இனி அதைத் திருப்பித் தரமாட்டன்' எண்டு. அது நல்ல இடம், உன்ர வயசில நானும் போயிருப்பன் எண்டுறா. பேர் பதிஞ்ச உடன தானே அவையோட கதைச்சு எழுத்தில வாங்கித் தாறாவாம். ஒண்டு மட்டும் செய்யோணுமாம். டீமுக்கு நேர நிண்டு சொல்லோணுமாம். மெசேஜ் இல்லாமல்."

ஆரணி அன்று பின்னேரமே சொன்னாள். மைதானத்தின் நடுவில், அந்த வேறு நிறச் சட்டையைப் போட்டுக்கொண்டு, ஒவ்வொருத்தியின் முகத்தையும் பார்த்துச் சொன்னாளாம். இரண்டு பேர் கோபித்துக்கொண்டு எழும்பிப் போய்விட்டார்களாம். திரும்பி வரும்வரை இவள் அங்கேயே நின்றாளாம். பந்துக்கு முன்னால் பாய்ந்ததைக் கண்டு ஒரு நாள் அழுதேன். இது அதைவிடப் பெரிய பாய்ச்சல். அவளுடைய வயதில் எனக்கு இதில் பத்தில் ஒரு பங்கு துணிவு இருக்கவில்லை. அட்டை பிடிக்கும் விவசாயிக்கும் போய்ச் சொல்லியிருக்கிறாள். எதிரணியில் வந்தாலும் அட்டை பிடிப்பேன் என்றாராம் மனிதர்.

7

ஜனவரியில் ஆரணி புது இடத்துக்குப் போய்ச் சேர்ந்தாள். விசாக் கடிதங்கள், மாற்றக் கடிதங்கள் என்று ஒரு மாதம் அலைச்சல். அதையெல்லாம் சொல்லி உங்களை ஏன் வருத்த வேண்டும்? ஞாயிற்றுக்கிழமைகளில் நான் இப்போது வீட்டில் இருக்கிறேன். என்ன செய்வதென்று தெரியாமல் இருக்கிறேன் என்பது வதனியின் முறைப்பாடு.

போன ஞாயிறு ஆரணி அழைத்தபோது தன்னைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

"அப்பா, உங்கட மாஸ்டர் இருக்கிறாரோ?"

விசாரித்தேன். இருக்கிறார். எண்பத்தைந்து தாண்டிவிட்டது. ஊரில் மகளோடு இருக்கிறார், கண் மங்கல், காது நன்றாகக் கேட்குமாம். என் தங்கை பக்கத்து ஒழுங்கையில்தான் இருக்கிறாள். வாழ்த்துமடலை நின்று வாசிப்பேன் என்று வாக்குத் தந்திருக்கிறாள். பொன்னாடையும் எடுத்துவிட்டேன், இந்த முறை ஜரிகை இன்னும் அதிகம்.

நேற்று ரமணனிடம் போனேன். அவன் வழக்கமான கரையையும் குத்துவிளக்குப் படத்தையும் திரையில் போட்டுவிட்டு, என் தாள்களுக்காகக் கையை நீட்டினான். கொடுக்க என்னிடம் தாள் இல்லை. மூன்று நாள் எழுதி எழுதிக் கிழித்தேன். கலங்கரை விளக்கும் வரவில்லை, கற்பகதருவும் வரவில்லை.

"என்ன அண்ணை, உங்களுக்கே சொல் முடிஞ்சு போச்சோ? சரி, கீழ என்ன போடுறது? செயலாளர், பாரிஸ் கிளை எண்டு போடட்டோ?"

"வேண்டாம். எங்கட ஊர்ப் பள்ளிக்கூடத்தின்ர பேரைப் போட்டு, 'சொல்லாமல் போன மாணவன்' எண்டு போடு."

அவன் திரும்பிப் பார்த்தான். பிறகு அடித்தான்.

"மேல மடல் வெறுமையாக் கிடக்கு, அண்ணை."

"ஒரு வரி சொல்லுறன், நடுவில பெரிசாப் போடு."

சொன்னேன். ரமணன் விரலைத் தூக்கிக்கொண்டு இருந்தான்.

"வாழ்த்துமடலில உப்பிடி ஒருத்தரும் போடுறேல்லை."

"நீ அடி."

அடித்துவிட்டு, எழுத்துப்பிழை இருக்கிறதா பார்க்கச் சொல்லித் திரையை என் பக்கம் திருப்பினான். கரைக்கும் குத்துவிளக்குக்கும் நடுவில் அந்த ஒரு வரி மட்டும் நின்றது.

'சப்பாத்துக் கடித்தது, மாஸ்டர்.'